சேலையூர் சிவசங்கரனின் ரத்தம்

போன மாதம் என் பழைய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியிலிருந்து இரண்டு டெக்னீஷியன் பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஓய்வுபெற்றவனைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையோடுதான் வருவார்கள். இவர்கள் கைப்பேசியோடு வந்தார்கள். அதில் யாரோ அனுப்பிய ஒரு செய்தி. அவசரமாக ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும், கொடுப்பவர் சைவமாக இருந்தால் நலம் என்று இருந்தது. இருவரில் சின்னவள், "உங்க காலத்துலயும் இப்படிக் கேப்பாங்களா சார்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. கேட்பார்களாவா? கேட்டதையெல்லாம் கொடுத்த கற்பக விருட்சமே நான்தான். சொல்ல ஆரம்பித்தேன். காபி ஆறியது, அவர்கள் போக வேண்டிய பஸ்ஸும் போய்விட்டது. அன்று விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன். இதில் என் பெருமை ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது பெரிய கதையில்லை. பட்டப்படிப்பில் இரண்டாம் வகுப்பு, பிறகு லேப் டெக்னீஷியன் படிப்பு, பிறகு மாமா ஒருவரின் சிபாரிசு. எண்பதுகளின் நடுவில் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ரத்த வங்கி என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஒரு கட்டில், ஒரு மைக்ராஸ்கோப், ஒரு குளிர்ப்பெட்டி. அப்போதெல்லாம் ரத்தத்தைக் கண்ணாடி பாட்டிலில்தான் பிடிப்போம்.

ரத்தம் கொடுக்க ஒருவர் வந்தால் முதலில் எடை. அப்புறம் நீலத் தண்ணீர். மயில்துத்தத்தைக் கணக்காகக் கரைத்த தண்ணீர் அது. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அதில் விட வேண்டும். சொட்டு மூழ்கினால் ரத்தத்தில் சத்து இருக்கிறது, படுக்கலாம். மிதந்தால் இல்லை, வீட்டுக்குப் போகலாம். ரத்தம் எடுத்த பிறகு பாட்டிலில் ஒரு லேபிள் ஒட்டுவோம். எண், குரூப், தேதி. கொடுத்தவரின் பெயர் தனிப் பதிவேட்டில் ஏறி, டாக்டரின் மேஜை இழுப்பறைக்குள் பூட்டப்பட்டுவிடும். கடைசியில் நோயாளியின் ரத்தத்தையும் பாட்டில் ரத்தத்தையும் சோதனைக் குழாயில் கலந்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, திரிகிறதா என்று பார்ப்போம். நட்சத்திரம், கோத்திரம் எதுவும் கேட்காத ஜாதகப் பொருத்தம் அது. கேட்பதற்கென்றே வெளியே ஆட்கள் நின்றிருந்தார்கள்.

எங்கள் டாக்டர் பெயர் ஹமீதா. ஒல்லியானவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். துடைக்கும் நேரம் நீளநீளக் கோபம் பெரிது என்று அர்த்தம். நோயாளியின் சொந்தக்காரர்கள் அவரிடமே வந்து, "டாக்டர் எப்போம்மா வருவாரு?" என்று கேட்பார்கள். அவர் அலுக்காமல், "வந்தாச்சு, உக்காருங்க" என்பார். அவர்கள் உட்கார்ந்து, அவருக்குப் பின்னால் இருக்கும் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் என்னை எழுந்து கும்பிடுவார்கள். எனக்கு அப்போது மீசை இருந்தது, நெற்றியில் விபூதியும் இருந்தது. டாக்டராக அது போதும் போலிருக்கிறது.

யாராவது "இது யாரு ரத்தம்?" என்று கேட்டால் டாக்டரிடம் ஒரே பதில்தான். பாட்டிலைத் திருப்பி லேபிளை நிதானமாக வாசிப்பார். எண், குரூப், தேதி. "இதுக்கு மேல இந்தப் பாட்டில்ல ஒண்ணும் இல்லைங்க" என்பார். கேட்டவர் அவர் நகர்ந்ததும் என்னிடம் வருவார்.

எஸ்தரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கீழ்க்கட்டளையிலிருந்து பஸ் பிடித்து வருவாள். முப்பது, முப்பத்திரண்டு வயது. எங்கள் இரண்டு அறையையும் பெருக்கித் துடைப்பது, கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, பாட்டிலைத் துண்டில் சுற்றி வார்டுக்கு எடுத்துப் போவது எல்லாம் அவள் வேலை. ஒருநாள் குரோம்பேட்டையில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்த ஒருவர் தம்பிக்காக ரத்தம் கொடுக்க வந்தார். சட்டையைக் கழற்றி, கேட்காமலே புஜத்தைக் காட்டினார். நான் ஊசியை எடுத்தேன். அடுத்த நிமிஷம் ஆள் எஸ்தரின் வாளிக்குப் பக்கத்தில் கிடந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்து அனுப்பி வைத்ததும் எஸ்தர், "நான் குடுக்கட்டா சார்?" என்றாள்.

நான் சிரித்தேன். உனக்கே யாராவது ஏற்ற வேண்டும் போலிருக்கிறதே என்றேன். பெண்களுக்கு ரத்தம் ஊறாது, மாதாமாதம் போவதே போதும், அதிலும் இந்த மாதிரி வேலை செய்கிறவளுக்குச் சாப்பாட்டில் என்ன சத்து இருந்துவிடப் போகிறது என்பதெல்லாம் எனக்கு அன்றைக்கு விஞ்ஞானம்.

உள்ளேயிருந்து டாக்டர் குரல் வந்தது. "தணிகாசலம், அதை எப்படிக் கண்டுபிடிச்சே? நீலத் தண்ணியில விட்டுப் பாத்தியா?"

விட்டுப் பார்த்தேன். எஸ்தரின் சொட்டு கூழாங்கல் மாதிரி நேராக அடிக்குப் போய்ச் சேர்ந்தது. டாக்டர் வெளியே வந்து, "இப்ப உன்னுது" என்றார். என்னுடையது நடுவில் ஒரு யோசனை யோசித்து, மேலே வந்து மிதந்தது. எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்கு இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மருந்தும் எழுதித் தரப்பட்டன.

அவள் குரூப்பைப் பார்த்தபோதுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஓ நெகட்டிவ். அது லேசில் கிடைக்கிற சரக்கல்ல. பெண்கள் வருஷத்துக்கு மூன்று முறைதான் கொடுக்கலாம் என்பது டாக்டரின் சட்டம். எஸ்தர் அதைத் தன் கணக்கில் வைத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு ஒரு தடவை, அவள் தெரு அம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றும்போது ஒரு தடவை. "ரெண்டு எங்குளுது, ஒண்ணு ஆத்தாளுது" என்பாள். ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்ததும் பாட்டிலின் எண்ணைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இனி என் திருவிளையாடல். வார்டு வாசலில் பாட்டிலோடு நிற்கும்போதுதான் மக்களுக்கு வம்சாவளி ஞாபகம் வரும். சைவ ரத்தம் இருக்கிறதா என்று கேட்டவர்கள் உண்டு. ஆணின் ரத்தம்தானா என்று உறுதிப்படுத்திக்கொண்டவர்கள் அநேகம். ஒரு முறை கல்லூரி விடுதியிலிருந்து மாணவர்கள் ரத்தம் கொடுக்க வந்தார்கள். அதில் ஒருவன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து படிக்கிறவன், நல்ல உயரம். நோயாளியின் அண்ணன் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், அவனுடைய ரத்தமும் கறுப்பாகத்தான் இருக்குமா என்று காதில் கேட்டார். அந்தப் பையன் மூன்று வருஷமாக இந்த ஊரில் இட்லி தின்கிறவன். கட்டிலில் படுத்தபடியே, "செவப்புதான் அண்ணா, கிட்ட வந்து பாருங்க" என்றான். அண்ணன் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை.

பதில் சொல்லி மாளாது. அங்கே உள்ளே ஒரு உயிர் காத்திருக்கும், இங்கே இவர்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் அவசரத்தில் என் வாயிலிருந்து ஒரு மனிதர் பிறந்தார். சேலையூர் சிவசங்கரன், பேங்க் ஆபீசர், சுத்த சைவம், பீடி சிகரெட் கிடையாது, பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். கேட்டவரின் முகம் மலர்ந்துவிட்டது. பாட்டில் ஏறியது, நோயாளி பிழைத்தார்.

ருசி கண்ட பூனை விடுமா? கிறிஸ்தவக் குடும்பங்களுக்கென்று சர்ச்சில் பாட்டுக் குழு நடத்தும் ஞானமுத்துவைப் படைத்தேன். முஸ்லிம் குடும்பங்களுக்குப் பல்லாவரத்துத் தோல் வியாபாரி ஒரு ஹாஜியார். மூவரும் ஐந்தாறு வருஷம் என் சட்டைப் பையில் சௌக்கியமாக இருந்தார்கள். சிவசங்கரனுக்கு நான் பதவி உயர்வுகூடக் கொடுத்தேன். மூவரும் ஆண்கள் என்பதை அப்போது கவனிக்கவில்லை. என் கற்பனையில்கூடப் பெண்ணுக்கு ரத்தம் ஊறவில்லை.

டாக்டர் காதுக்கு அரைகுறையாக எட்டியிருக்க வேண்டும். "லேபிள்ல இல்லாதது உன் வாயில எங்கேர்ந்து வருது?" என்று ஒருமுறை கேட்டார். நான் இளித்து மழுப்பினேன். என்ன கெட்டுப்போயிற்று, பொய்மையும் வாய்மை இடத்த என்று வள்ளுவரையும் துணைக்கு அழைத்தேன். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கத்திரி வெயில் நாள். காலை பத்து மணி இருக்கும். பெருங்களத்தூரிலிருந்து கோமதி என்ற பெண்ணைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஆண் குழந்தை பிறந்துவிட்டது, ஆனால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. குரூப் ஓ நெகட்டிவ். குளிர்ப்பெட்டியில் அந்த ரகத்தில் இருந்தது ஒரே ஒரு பாட்டில். ஈஸ்டருக்கு எஸ்தர் கொடுத்தது. இன்னொன்றுக்குப் பட்டணத்துக்குப் போன் போட்டோம், வந்து சேர மாலையாகும் என்றார்கள். நான் பொருத்தம் பார்த்துச் சீட்டு எழுதினேன். எஸ்தர் லேபிளில் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். இருவரும் வார்டுக்கு ஓடினோம்.

அறை வாசலில் கோமதியின் மாமனார் வேதாசலம் நின்றிருந்தார். பெருங்களத்தூரில் ஏர் ஓட்டிய நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றவர். வாட்டசாட்டமான ஆள். மருமகள் மேல் உயிர். பயத்தில் மேல்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். மூத்த மகன், அதாவது கோமதியின் கணவன், சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். எஸ்தர் உள்ளே போகக் காலை எடுத்து வைத்தாள். பெரியவர் கையை நீட்டி மறித்தார்.

"நீ அங்கயே நில்லும்மா. அதைக் கீழ வை. நர்சம்மா வந்து எடுத்துக்கட்டும்."

எஸ்தர் குனிந்து பாட்டிலை வாசற்படியில் வைத்தாள். துண்டின் ஓரத்தை இழுத்து அது உருளாமல் அணை கட்டினாள். எழுந்து ஓர் அடி பின்னால் தள்ளி நின்றாள்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். பெற்றவளின் ரத்தம்தானே பாலாகிறது, அந்தப் பாலைத்தானே தன் பேரன் குடிக்கப் போகிறான், ஆகவே கொடுத்தது யார், என்ன குடும்பம், என்ன சாப்பிடுகிறவர் என்று தெரிந்தாக வேண்டும் என்றார். தெரியாமல் நர்ஸை எடுக்க விடமாட்டார் போலிருந்தது. உள்ளே நர்ஸ் கத்திக்கொண்டிருந்தாள். பாட்டில் படியில் கிடந்தது. அதற்கு ஓர் அடி தள்ளி அதைக் கொடுத்தவள் நின்றிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். சேலையூர் சிவசங்கரன் வெளியே வந்தார். பேங்க் ஆபீசர், சுத்த சைவம்.

பெரியவர் கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டு வழி விட்டார். நர்ஸ் பாட்டிலை அள்ளிக்கொண்டு போனாள். எஸ்தர் வெறும் துண்டை எடுத்து உதறி, நான்காக மடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். மாலையில் இரண்டாவது பாட்டில் வந்தது. முதல் பாட்டில் இல்லாவிட்டால் இரண்டாவதற்கு வேலையே இருந்திருக்காது என்று பிரசவ டாக்டர் சொன்னார். கோமதி பிழைத்தாள். நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து வேதாசலம் தாம்பாளத்தோடு வந்தார். பழம், கல்கண்டு, ஜரிகைக் கரை போட்ட வேட்டி, சட்டைத் துணி. எல்லாம் சிவசங்கரனுக்கு. அவர் வீட்டு முகவரி வேண்டும், நேரில் போய்க் காலில் விழ வேண்டும் என்றார். அவருக்கு பம்பாய்க்கு மாற்றலாகிவிட்டது, இன்னும் வீடு அமையவில்லை என்று சொன்னேன். பெரியவருக்கு வருத்தம். கடைசியாக வைத்திருந்த சந்தோஷச் செய்தியைச் சொன்னார். பேரனுக்குப் பெயர் வைத்தாயிற்று. சிவசங்கரன்.

எஸ்தர் அப்போது அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மூன்று முறை துடைத்தாள். பெரியவர் போன பிறகு டாக்டர் வெளியே வந்து தாம்பாளத்தைப் பார்த்தார். "ஆடிக்கு சிவசங்கரன் பம்பாய்லேர்ந்து வருவாரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். வேட்டியை என் அலமாரியில், சோதனைக் குழாய்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஆடி வந்தது. கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமையும் வந்து போனது. எஸ்தர் கட்டில் பக்கம் வரவில்லை. அதே வாரம் கோமதியை மறுபடி சேர்த்தார்கள். சினைப்பையில் கட்டி, முறுக்கிக்கொள்வதற்குள் எடுத்தாக வேண்டும். ஆடி கழியட்டும் என்று பெரியவர் சொன்னதற்கு, கட்டிக்குப் பஞ்சாங்கம் தெரியாது என்று சர்ஜன் பதில் சொன்னாராம். பழைய ரத்தப்போக்கில் அவள் இன்னும் வெளுத்தே இருந்தாள். முதல் நாளே ஒரு பாட்டில் ஏற்றினால்தான் கத்தியைத் தொடுவேன் என்று சர்ஜன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டணத்தில் மூன்று இடத்துக்குப் போன் போட்டேன், எங்கும் இல்லை.

நான் எஸ்தரிடம் போனேன். குழாயடியில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமலே, "சிவசங்கரனக் கூப்புடுங்க சார்" என்றாள். "அவுரு ரத்தம் நல்ல ரத்தம்னு புள்ளைக்குப் பேரே வெச்சிகினாங்க."

நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். அந்தப் பெரியவர் பழைய காலத்து மனிதர், ஏதோ அறியாமையில் பேசிவிட்டார், அதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றேன். எஸ்தர் குழாயை மூடினாள்.

"அவுருக்குத் தெரியாது சார். உங்குளுக்குத் தெரியுமே."

முப்பது வருஷ வேலையில் என்னை யார் யாரோ திட்டியிருக்கிறார்கள். ஒன்றும் நினைவில்லை. இது மட்டும் இருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்டரிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றவேயில்லை. "சிவசங்கரன் உன்னோட டோனர். நீதான் ஏற்பாடு பண்ணணும்" என்றார்.

ரத்தம் எங்கும் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தும், மறுநாள் காலை வேதாசலம் உற்சாகமாகவே வந்தார். கோமதியையும் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார்கள், பொருத்தம் பார்க்க அவளிடம் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. மடியில் சின்னச் சிவசங்கரன், ஒரு காலில் மட்டும் காலுறையோடு. எஸ்தர் வாசலோரம் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரியவர் விஷயத்துக்கு வந்தார்.

"பம்பாயாவது ஒண்ணாவது தம்பி. பிளேன் டிக்கெட் போட்டுத் தரேன். மீனம்பாக்கத்துல நானே கார் எடுத்துக்கினு போய் நிக்கறேன். வரச் சொல்லு."

எனக்குத் தப்பிக்க வழியில்லை. சிவசங்கரன் என்று யாரும் இல்லை என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. இறந்துவிட்டாரா என்று கேட்டார். பிறக்கவே இல்லை, நான்தான் சொன்னேன் என்றேன். பெரியவரின் முகம் வீங்கிச் சிவந்தது. இல்லாத ஆளுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறேன், இல்லாத ஆளின் பெயரைக் குலக்கொழுந்துக்கு வைத்திருக்கிறேன், ஊரைக் கூட்டிச் சோறு போட்டிருக்கிறேன் என்று அடுக்கினார். ஒவ்வொன்றும் நியாயம்தான். கடைசியில், அப்படியானால் அது யார் ரத்தம் என்று கேட்டார்.

டாக்டர் உள் கதவருகே வந்து நின்றதைப் பார்த்தேன். ஈஸ்டர் பாட்டிலின் லேபிள் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. எண்ணைச் சொன்னேன், குரூப்பைச் சொன்னேன், தேதியைச் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை என்றேன். என் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது அன்றுதான் முதல் முறை.

எஸ்தர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"அவுரு சொல்லக்கூடாது. நான் சொல்லலாம். அன்னிக்கு வாசப்படில வெக்கச் சொன்னீங்களே பெரியவரே, அத்து எங்கையில இருந்து எடுத்தது."

பெரியவர் அவளைப் பார்த்தார், அவள் நீலச் சீருடைச் சேலையைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்த்த மாதிரியே, பதறிப்போய்ப் பேரனைப் பார்த்தார். அவன் முஷ்டியை வாய்க்குள் திணித்துக்கொண்டு எச்சில் வடித்துக்கொண்டிருந்தான். நாற்காலியில் இருந்த கோமதியிடம் அன்றுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. அவள் உடம்பைப் பற்றி, அவள் ரத்தத்தைப் பற்றி, அவள் பாலைப் பற்றி எல்லோரும் அவள் தலைக்கு மேலேயே பேசினோம். அவள் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"மூணு மாசமா அதைத்தான் மாமா குடிக்கிறான். தூக்க முடியலைன்னு நீங்கதானே நேத்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டீங்க."

டாக்டர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கோமதி எஸ்தர் பக்கம் திரும்பி, "மறுபடி குடுப்பீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

எஸ்தர் அவளைப் பார்த்தாள். உனக்கென்றால் கொடுக்கிறேன் என்றாள். கையைக் கழுவிக்கொண்டு, தானே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். நீலத் தண்ணீரில் சொட்டு நேராக மூழ்கியது.

ரத்தம் பாட்டிலில் இறங்கிக்கொண்டிருக்கும்போது பெரியவர் கதவருகே வந்து நின்று தொண்டையைச் செருமினார். பேரனின் பெயரை மாற்றிவிடுவதா என்று பொதுவாகக் கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

"இருக்கட்டும் விடுங்க" என்றாள் எஸ்தர். "ஆம்பளப் புள்ளைக்கு எஸ்தருன்னா வெக்க முடியும்? அந்த வேட்டி சார் பீரோல பத்தரமா கீது. அத்த வேணா பொடவையா மாத்திக் குடுங்க. வேட்டி கட்டிகினு நான் இன்னா பண்றது?"

என் மூன்று டோனர்களுக்கும் அன்றே காரியம் செய்து முடித்தேன். அதற்குப் பிறகு வேலையை விட்டுப் போகிறவரை, யார் என்ன கேட்டாலும் லேபிளை வாசிப்பதோடு சரி. கூச்சல் போட்டவர்கள் உண்டு. ஆனால் ஒன்று சொல்கிறேன், நான் பயந்த மாதிரி ரத்தம் வேண்டாம் என்று ஒருவர்கூடப் பாட்டிலைத் திருப்பி அனுப்பவில்லை. அத்தனை பொய்யும் வீண். வீட்டுக்கு வந்த அந்த டெக்னீஷியன் பெண்களிடம் இதைச் சொன்னபோது சின்னவள் கைப்பேசியை எடுத்து, அந்தச் செய்தியில் சைவத்தை அழித்துவிட்டு மறுபடி அனுப்பினாள்.

எஸ்தர் ரத்தம் கொடுத்த அன்று பொருத்தம் பார்த்து முடிக்கப் பிற்பகலாகிவிட்டது. எஸ்தரை ஓய்வெடுக்கச் சொன்னோம். பாட்டிலை நானே கொண்டுபோகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள், நான் சீட்டோடு பின்னால் போனேன். அதே வார்டு, அதே மாதிரி அறை. கதவு சாத்தியிருந்தது. வாசலில் வேதாசலம் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒதுங்குவதா, நிற்பதா என்று தெரியாமல் அரை அடி நகர்ந்து அங்கேயே நின்றார். எஸ்தர் வாசற்படிக்கு முன்னால் வந்து நின்றாள். குனியப் போகிறாளோ என்று எனக்கு ஒரு கணம் பகீர் என்றது.

அவள் பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் புடிங்க பெரியவரே. கதவு தொறக்கணும்."

பெரியவர் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கைகளாலும் வாங்கினார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"கீழ வெச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு எஸ்தர் கதவைத் திறந்தாள்.